ணா

லைப்சிக், மார்கழி மாதம்.
துப்பினால் தரையில் விழுமுன் உறையும் என்றார்கள்.
துப்பிப் பார்த்தேன், உறையவில்லை.
எதையும் சோதித்த பிறகே எழுதுகிறவன் நான்,
கும்பகோணம் ‘நியாயபேரிகை’யின் பத்திராதிபன்.
வாரம் ஓர் இதழ்.
சந்தா பாக்கி நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

வந்தது எழுத்து வாங்க.
எட்டு மணங்கு ஈயம், புது வார்ப்பு.
பழையவை தேய்ந்து
விதவை என்று கோத்தால்
விதவ என்று விழுகிறது தாளில்.
இது ஊரில் சொன்ன காரணம்.

சொல்லாத காரணம்
ரயிலடிக்குப் பின்தெருவில், மூன்றாம் மாடியில்,
சனிக்கிழமை ராத்திரிகளில் கூடுகிறது.
இறந்தவர்கள் அங்கே சிலேட்டில் எழுதுகிறார்களாம்.

உடுக்கடித்துக் குறி சொன்னவனை
மூன்று இதழ் சந்தி சிரிக்க வைத்தவன்,
வேப்பிலைக்காரியின் வரும்படியைக்
காசு சுத்தமாகக் கணக்கிட்டு அச்சடித்தவன்,
ஐந்து மார்க் கொடுத்து
மேஜை மேல் கை வைத்தேன்.
இடப்பக்கம் ஒரு நீதிபதியின் மனைவி,
விரல்களில் முட்டைக்கோஸ் வாசனை.
வலப்பக்கம் யாரென்று சொல்லவில்லை.
விளக்கை அணைத்தார்கள்.
இருட்டில் எல்லா மதமும்
ஒரே மாதிரிதான் மூச்சு விடுகிறது.

சிலேட்டில் பல்பம் ஊர்ந்தது
குதிருக்குள் எலி போல.
விளக்கு வந்ததும்
சிலேட்டை விட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.
உங்கள் பாஷையா?

பூரணாம்பாள்.

என் தங்கை.
பதினொன்றில் தாலி இறங்கி
பத்தொன்பதில் ஜுரத்தில் போனவள்.
மறுமணம் செய்துவையுங்கள் என்று
ஊராருக்கு முப்பத்தேழு தலையங்கம் எழுதினேன்.
அப்பாவிடம் ஒரு வார்த்தை பேச மட்டும்
அடுத்த இதழ் முடியட்டும் என்றிருந்தேன்.
இதழ்களை மடித்து விலாசம் ஒட்டுவது அவள்தான்.
ஒருநாள் பசை விரலோடு படித்துவிட்டுக் கேட்டாள்:
இந்தப் பெண் யார், அண்ணா?

கண் கலங்குவதற்குள்
அச்சுக்கோப்பவனின் கண் விழித்துக்கொண்டது.
பெயர் வலமிருந்து இடம் ஓடியிருந்தது,
காலும் சுழியும் கண்ணாடியில் பார்த்தாற்போல்.
அந்த அறையில் அதைப் படிக்கக்கூடியவன் நான் ஒருவன்.
அப்படி எழுதக்கூடியவர் இந்த ஊரிலேயே ஒருவர்.

ஒட்டோ ஷ்ராப்,
வார்ப்புச்சாலையில் எஃகு வெட்டுகிறவர்.
தமிழில் ஒரு சொல்லும் அறியாதவர்.
எங்கள் எழுத்து அத்தனையும் புரட்டிப்போட்டுச் செதுக்கிய கை
இருட்டில் தனக்குப் பழகியபடி எழுதிவிட்டது.
மாதிரித் தாள் நான் கொடுத்ததுதான்.
ணா வருகிற சொல் ஒன்று வேண்டுமே என்று
அவள் பெயரைப் போட்டிருந்தேன்.
எழுத்துக்காகத்தான்.
அப்படித்தான் எனக்கும் சொல்லிவைத்திருந்தேன்.

ஆனால் அதே தாளில்
உப்பு இருந்தது, வரி இருந்தது,
நகரசபை, சாக்கடை, கலெக்டர் துரை இருந்தார்கள்.
எதையும் எழுதியிருக்கலாம் அந்தக் கை.

ஆம், என் பாஷை, என்றேன்.
கடைசி ளகரத்துக்குப் புள்ளி விழவில்லை.
பல்பத்தை வாங்கி வைத்தேன். தொழில் பழக்கம்.
அந்தச் சின்ன வெள்ளையைப் பார்த்து
நீதிபதியின் மனைவி அழுதாள்.

திங்கட்கிழமை
ஷ்ராப் தலை நிமிரவில்லை.
நகக்கண்ணில் இன்னும் பல்பத்தூள்.
மூன்று பத்தி எழுதலாம்,
தலைப்புக்கூடத் தயாராக இருந்தது.
துபாஷியிடம் சொன்னேன்:
ணாவின் சுழி கொஞ்சம் நெரிகிறது,
திறந்துவிடச் சொல்லுங்கள்.
அவர் அரத்தை எடுத்தார்.
வெகுநேரம் ராவிக்கொண்டிருந்தார்.

ரசீது எழுதுகையில் கணக்குப்பிள்ளை நிறுத்தினார்.
எங்கள் கணக்குப்படி இந்த எழுத்து நூறு போதும்,
நீங்கள் ஆயிரம் கேட்கிறீர்களே?

எங்கள் ஊரில் அது சீக்கிரம் தேயும் என்றேன்.